வெளிநாட்டு மாணவன்

மகன்,

அடுத்த சனிக்கிழமை உனக்குக் கல்யாணம். கோயிலில் பாதரின் பூசை முடிந்து மண்டபத்துக்குப் போன பிறகு மாப்பிள்ளையின் தகப்பனும் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று டிலானி வீட்டார் சொல்லியிருக்கிறார்கள். எழுதி வைத்துவிட்டேன். வந்தவர்களுக்கு நன்றி, தூர இடங்களிலிருந்து வந்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் நன்றி, டிலானி எங்கள் வீட்டுக்கு மருமகளாக வருவதில் சந்தோஷம். உன் அம்மா அதை வாசித்துப் பார்த்து, "இது காணும். இதுக்கு மேல மைக்கைப் பிடிச்சு ஒண்டும் கதைக்கப்படாது" என்று சொல்லி, தாளை மடித்து என் கோட்டுப் பைக்குள் வைத்தாள். நான் எதைக் கதைத்துவிடுவேன் என்று அவள் பயப்படுகிறாள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கடை இல்லாத இன்றைக்கு, நீ டிலானியோடு உடுப்பு எடுக்கப் போயிருக்கிற நேரத்தில், குசினி மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். பரவாயில்லை. நான் எழுதுவதும் அவ்வளவு மெதுவாகத்தான் நடக்கிறது.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு ஆகஸ்டில் உன் ஏ லெவல் முடிவு வந்த நாளிலிருந்து தொடங்குகிறேன். மூன்று பாடத்திலும் ஏ. பள்ளிக்கூட வாசலில் நின்று எனக்குப் போன் எடுத்தாய். நான் கடையில் விளைமீன் வெட்டிக்கொண்டு நின்றேன். கையெல்லாம் செதில். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, வரிசையில் நின்ற சனத்துக்கெல்லாம் கேட்கும்படியாக, "என்ர மகனுக்கு மூண்டு ஏ" என்று சொன்னேன். முன்னால் நின்ற ஒரு அம்மா, யாரென்றே தெரியாது, "அப்ப இண்டைக்கு மீன் சும்மாவோ அண்ணை?" என்று பகிடி விட்டா. முதலாளி என்னை அரை நாளோடு வீட்டுக்குப் போகச் சொன்னார். தென் லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் நாங்கள் குடியிருந்த அந்த மேல்மாடி வீட்டில் அன்றைக்கு அம்மா பாயாசம் காய்ச்சினாள். சிவில் இன்ஜினியரிங் என்றால் என்ன படிப்பு என்று அவள் கேட்க, நீ இரண்டு பிஸ்கட் பெட்டியை நிறுத்தி, அதன் மேல் கோடு போடுகிற அடிமட்டம் ஒன்றை வைத்து, நடுவில் கரண்டியால் அழுத்திக் காட்டினாய். "இது எவ்வளவு பாரம் தாங்கும் எண்டு முதலே கண்டுபிடிக்கிற படிப்பு அம்மா" என்றாய். நாங்கள் இரண்டு பேரும் அடிமட்டத்தைப் பார்க்கவில்லை. உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த கிழமை பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. அதை நீ நின்றபடியே வாசித்தாய். இரண்டாம் முறையும் வாசித்தாய். "என்னவாம்?" என்று கேட்டேன்.

"என்னை ஓவர்சீஸ் ஸ்டுடன்ட் எண்டு போட்டிருக்கினம் அப்பா. வெளிநாட்டு மாணவன்."

"எந்த வெளிநாடு? நீ இஞ்ச இருந்து ட்ராம் எடுத்தெல்லோ போகப் போறாய்?"

"எங்க இருக்கிறம் எண்டதில்லையாம். எங்கட அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை, விசா இல்லை. அப்ப வெளிநாட்டுப் பிள்ளையள் கட்டுற காசுதான் கட்ட வேணும். அரசாங்க லோனும் இல்லை."

ஒரே வகுப்பில் ஒரே கதிரையில் இருக்கிற பிள்ளைகளுக்கு இரண்டு விதமான கட்டணம் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இந்த நாட்டுக்காரருக்கு ஒரு கட்டணம். படிக்கிற காலச் செலவுக்கும் அரசாங்கம் கடன் கொடுக்கும், உழைக்கத் தொடங்கிய பிறகு திருப்பிக் கொடுத்தால் போதும். மற்றவர்களுக்கு அதைப்போலப் பல மடங்கு, அதுவும் கையில் காசாக. பத்து வருஷமாக லண்டனில் இருக்கிற நீ அந்த மற்றவர்களில் ஒருவன். உண்மையில் நீ இதை முன்னமே அறிந்திருந்தாய். அந்த வருஷம் மாசி மாதமே ஒரு படிவம் வந்ததாம், அதில் குடியேற்ற நிலை என்ன என்று கேட்டிருந்ததாம், நீயே நிரப்பி அனுப்பினாயாம். ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "ரிசல்ட் நல்லா வந்தா ஏதாவது செய்வினம் எண்டு நினைச்சன்" என்றாய். பதினெட்டு வயதில் நீ நம்பியது அதைத்தான்.

உன் கணித ஆசிரியை, அந்த வயதான வெள்ளைக்கார மிஸ், விடுமுறையில் இருந்தும் எங்களோடு பல்கலைக்கழகத்துக்கு வந்தா. நான் கடைக்குப் போடாத சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, என் சம்பளத் துண்டுகள் முழுவதையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துக்கொண்டு வந்தேன். வேலை செய்கிற அனுமதியாவது எனக்கு இருந்தது, வரி கட்டினேன், அதைக் காட்டினால் இரங்குவார்கள் என்று நினைத்தேன். கட்டண அலுவலகத்தில் இருந்த பெண்ணுக்கு உன்னை விட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். மேசையில் இருந்த விதிப் புத்தகத்தைத் திறந்து மிஸ்ஸுக்குக் காட்டினாள். இங்கே வாழ்ந்தது மட்டும் போதாது, வாழ்வதற்கான அனுமதியும் இருக்க வேண்டும் என்று அதில் இருந்ததாம். நான் பையை மேசையில் வைத்தேன். அவள் ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்த்தாள். அவற்றைப் பார்க்க வேண்டிய தேவை அவளுக்கு இருக்கவில்லை. பார்த்துவிட்டு, திகதி வரிசைப்படி அடுக்கி, என் கையில் திரும்பத் தந்தாள். மிஸ் குரல் உயர்த்திக் கேட்டபோது அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. மகன், கோபப்படுவதற்குக்கூட அங்கே ஒருவரும் இருக்கவில்லை. எல்லோரும் நல்லவர்கள். கதவு மட்டும் பூட்டியிருந்தது.

அந்த அறையில் நான் செய்த பிழையை இப்போது சொல்கிறேன். அந்தப் பெண் பேசிய ஒவ்வொரு வசனத்துக்கும் நான் உன் பக்கம் திரும்பி, "என்னவாம்? என்ன சொல்லுறா?" என்று கேட்டேன். நீ ஒவ்வொன்றையும் எனக்குத் தமிழில் சொன்னாய். ஏலாதாம் அப்பா. விதிவிலக்கு இல்லையாம் அப்பா. உதவிப் பணமும் எனக்குத் தர ஏலாதாம் அப்பா. உன் வாயாலேயே அத்தனையையும் சொல்ல வைத்தேன். எட்டு வயதிலிருந்து வைத்தியரிடம், கவுன்சிலில், வக்கீலிடம் எல்லாம் நீதான் எங்களுக்கு வாய். அன்றைக்கு ஒரு நாளாவது நான் உன்னை வெளியே இருக்கச் சொல்லியிருக்கலாம். ஆங்கிலம் விளங்காமலேயே அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து எனக்கு விளங்கியிருக்கும்.

மிஸ் அதற்குப் பிறகும் விடவில்லை. எம்.பி.க்கு எழுதினா, பேராசிரியருக்கு எழுதினா. எங்கள் பங்குப் பாதர் ஒரு ஞாயிறு பூசை முடிவில் உனக்காகக் காசு சேர்க்கலாமா என்று கேட்டார். முதல் வருஷத்துக்குச் சேர்ந்தாலும் அடுத்த வருஷத்துக்கு என்ன செய்வது என்று நீதான் அவரிடம் மரியாதையாகக் கேட்டாய். எனக்கு அப்போது உன் மேல் ஆத்திரம் வந்தது. ஒரு வருஷமாவது போய் இருந்திருக்கலாமே என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், நடுவில் எழுப்பி அனுப்பப்படுவதை விடத் தொடங்காமல் இருப்பது பரவாயில்லை என்று உனக்குத் தோன்றியிருக்கும்.

இனி நான் சொல்லப்போவது உனக்குப் பாதி தெரியும், பாதி தெரியாது. நாங்கள் லண்டனுக்கு வருமுன் பாரிஸில் இரண்டு வருஷம் உன் பெரியப்பா வீட்டில் இருந்தோம். உனக்கு ஆறு, ஏழு வயது. பெரியப்பா எங்களுக்கு முன்பே போய் அங்கே வதிவிடக் கார்ட் எடுத்தவர். தன் இரண்டு அறை வீட்டில் ஒரு அறையை எங்களுக்கு விட்டுத் தந்தார். நாங்கள் கொடுத்த மனுவும் அங்கே கிடப்பில் இருந்தது. "பொறு தம்பி, இஞ்ச எல்லாம் ஆறுதலாத்தான் நடக்கும், ஆனால் நடக்கும்" என்று அண்ணை சொன்னார். உன் அம்மாவும் அதைத்தான் சொன்னாள். நீ பள்ளிக்கூடத்தில் சந்தோஷமாக இருக்கிறாய், பெரியப்பாவின் மகன், உன் வயதுக்காரனான ஜெறோம் கூட இருக்கிறான், இன்னொரு முறை பிள்ளையை இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம் என்றாள். நான் கேட்கவில்லை. பிள்ளை இங்கிலிஷில் படிக்க வேண்டும், லண்டனில் படித்தால் உலகத்தில் எங்கேயும் போகலாம் என்று எனக்கு ஒரு பிடிவாதம். அவள் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள். நான் ஏஜென்டோடு கதைத்து முடித்துவிட்டுத்தான் அவளிடம் சொன்னேன்.

இங்கே வந்து மனுக் கொடுக்கும்போது பாரிஸைப் பற்றி வாயே திறக்கக் கூடாது, திறந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஏஜென்ட் சொன்னான். நான் அப்படியே செய்தேன். அது மட்டுமில்லை. நாங்கள் லண்டனில் முதலில் இருந்த வால்தம்ஸ்டோவில் முதன்முதலாக உன்னைப் பள்ளிக்கூடத்தில் விட்ட அன்று, நீ படியில் இறங்கும்போது பிரெஞ்சில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிக்கொண்டு இறங்கினாய். நான் உன் கையை இறுக்கிப் பிடித்து, "இனி அந்தப் பாஷை கதைக்கக் கூடாது. ஆரும் கேட்டால் தெரியாது எண்டு சொல்ல வேணும்" என்றேன். நீ ஏன் என்று கேட்கவில்லை. சில மாதத்தில் உண்மையாகவே மறந்துவிட்டாய். வருஷங்கள் கழித்து வழக்கு விசாரணையில் பாரிஸ் கதை எப்படியோ வெளியே வந்தது. இதில் பொய் சொன்னவர் மற்றதிலும் பொய்தான் சொல்லியிருப்பார் என்று நீதிபதி எழுதினார். ஊரில் எனக்கு நடந்தது எல்லாம் உண்மை. ஆனால் அந்த ஒரு பொய்யால் எல்லாம் பொய்யாகிப் போனது. மறுபடி மனு, மறுபடி காத்திருப்பு. உனக்குப் பதினெட்டு வயதானபோது எங்கள் கோப்பு எந்த அலமாரியில் கிடந்ததோ தெரியாது. நீ படிக்க வேண்டும் என்றுதான் நான் லண்டனுக்கு வந்தேன். நான் வந்த விதத்தால்தான் நீ படிக்க முடியாமல் போனது. இதை நான் உன்னிடம் ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை. அம்மாவும் ஒருநாளும் என்னிடம் குத்திக் காட்டியதில்லை. அவள் குத்திக் காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்த ஆகஸ்ட் முடியுமுன் பெரியப்பா போன் எடுத்தார். ஜெறோமுக்கு லண்டனில் இடம் கிடைத்திருக்கிறது என்றார். அதே பல்கலைக்கழகம், அதே சிவில் இன்ஜினியரிங். அவர்கள் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்காரர். ஐரோப்பாக் குடிமக்கள் இங்கே படித்தால் இந்த நாட்டுப் பிள்ளைகள் கட்டுகிற கட்டணம்தான். "அவனுக்கு இங்கிலிஷ் அவ்வளவு ஓடாது தம்பி. உன்ர வீட்டில நிண்டு போய்வரட்டும். ஜூட்டும் அங்கதானே படிக்கப் போறான், ரெண்டு பேரும் சேந்து போகலாம்" என்றார். அவருக்கு நம் கதை தெரியாது. நான் சொல்லியிருக்கவில்லை. அப்போது சொன்னேன். "அப்ப வேண்டாம், நான் அவனுக்கு வேற இடம் பாக்கிறன்" என்றார். தன் வீட்டின் பாதியை இரண்டு வருஷம் எனக்குத் தந்த மனிதன். ஓம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். போனை என் கையிலிருந்து வாங்கி, "பெரியப்பா, அவனை வரச் சொல்லுங்கோ. என்ர அறையில இடமிருக்கு" என்றாய்.

ஜெறோம் வந்தான். நல்ல பிள்ளை, அவன் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். காலையில் அம்மா இரண்டு தட்டு வைப்பாள். ஒருவன் சாப்பிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். மற்றவன் சாப்பிட்டு இரண்டு தட்டையும் கழுவி வைப்பான். மனுக் கொடுத்த எனக்கு மட்டும்தான் வேலை அனுமதி. உனக்கு வேலைக்குப் போக அனுமதி இல்லை, படிக்கப் போக வழி இல்லை. ஜெறோம் பின்னேரம் வந்து புத்தகத்தைத் திறந்தால் நீ பக்கத்தில் இருந்து அவனுக்கு ஆங்கிலத்தில் விளங்கப்படுத்துவாய். அவன் எழுதிய கட்டுரைகளைத் திருத்துவாய். நான் வேலையால் வந்து உடுப்பு மாற்றிக்கொண்டே உங்கள் இரண்டு பேரின் கதையையும் கேட்பேன். கேள்வி கேட்பவனுக்குப் பல்கலைக்கழக அட்டை இருந்தது, பதில் சொல்பவனுக்கு இல்லை. ஒருநாள் அம்மா என்னிடம், "பிள்ளை சிரிக்கிறான், பாத்தீங்களே" என்றாள். ஓம் என்றேன். நீ அதைத் தாங்கிக்கொண்டாய் என்று நம்ப எனக்கு வசதியாக இருந்தது.

அந்த மார்கழியில் நீ ஒரு கிழமை கட்டிலை விட்டு எழும்பவில்லை. சளி, தடிமன் என்றாய். அம்மா கொத்தமல்லி அவித்துத் தந்தாள். அதன் பிறகு ஜெறோமின் புத்தகங்களை நீ தொடவில்லை. அவனும் கேட்கவில்லை. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. அடுத்த இரண்டரை வருஷமும் விளங்கவில்லை. அவன் பட்டம் வாங்கிய ஆடி மாதத்தில், எங்கள் வீட்டை விட்டுத் தன் சாமான்களைக் காரில் ஏற்றும்போது, டிக்கியை மூடிவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னான்.

"சித்தப்பா, முதல் டேர்ம் முழுக்க ஜூட் என்னோட கிளாஸுக்கு வந்தவன். உங்களுக்குத் தெரியுமோ?"

எனக்குத் தெரியாது. நூலகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, திங்களும் வியாழனும் நீ அவனோடு போய், இருநூறு முன்னூறு பேர் இருக்கிற அந்தப் பெரிய மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்து பாடம் கேட்டிருக்கிறாய். அங்கே ஒருவரும் கணக்கெடுப்பதில்லையாம். ஒரு கொப்பி நிறையக் குறிப்பு எழுதியிருக்கிறாய். மார்கழி மாதம் ஒருநாள் பேராசிரியர் பலகையில் ஒரு பாலத்தை வரைந்து, எந்த இடத்தில் முதலில் உடையும் என்று கேட்டிருக்கிறார். நீ கடைசி வரிசையிலிருந்து பதில் சொல்லியிருக்கிறாய்.

"அந்தாள் நிமிந்து பாத்திட்டு, வெரி குட், உம்மட பேர் என்ன எண்டு கேட்டவர்" என்றான் ஜெறோம். "ஜூட் எழும்பி நிண்டான். என்ர பேரைச் சொன்னான் சித்தப்பா. ஜெறோம் எண்டு சொன்னான். நான் பக்கத்தில இருக்கிறன். அந்தாள் தன்ர கொப்பியில எழுதினவர். அதுக்குப் பிறகு அவன் வரேல்லை."

அவன் அழுதுகொண்டே சொன்னான். காரை எடுத்துக்கொண்டு போன பிறகும் நான் ரோட்டில் நின்றேன். மேலே வந்து உன்னிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று படியேறினேன். நீ ஜெறோமின் கட்டில் இருந்த இடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாய். "போயிட்டானோ?" என்றாய். "ஓம், போயிட்டான்" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

மூன்று மாதம் கழித்து எங்களுக்கு விசா வந்தது. பதின்மூன்று வருஷம் காத்திருந்த கடிதம் காலமைத் தபாலில் மற்றக் கடிதங்களோடு சும்மா கிடந்தது. அம்மாவுக்கு, எனக்கு, உனக்கு, மூன்று பேருக்கும். இனி நீ இந்த நாட்டில் உரிமையோடு இருக்கிறவன். கட்டணம் உள்நாட்டுக் கட்டணம். கடனும் கிடைக்கும். நான் அடுத்த நாளே லைப்ரரிக்குப் போய், அங்கே வேலை செய்கிற பெண்ணிடம் கைச் சைகையிலும் அரைகுறை ஆங்கிலத்திலும் கேட்டு, விண்ணப்பத் தாள்களை எல்லாம் அச்சடித்துக்கொண்டு வந்தேன். எதை எங்கே நிரப்புவது என்று கேட்டறிய எனக்கு ஒரு மாதம் போனது. அதற்குள் நீ தண்டவாளம் பழுது பார்க்கிற கம்பனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய். செம்மஞ்சள் உடுப்போடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவனுக்கு முன்னால் தாள்களை வைத்தேன்.

"அப்பா, எனக்கு இருபத்தொரு வயசு முடிஞ்சுது."

"அதுக்கென்ன மகன்? வயசு போனாக்களும் படிக்கினம். இப்ப எல்லாம் தருவினம்."

நீ தாள்களை ஒரு பக்கமாக நகர்த்தினாய், கறி படாமல். "மூண்டு வருசம் வேலை செய்யவும் விடேல்லை, படிக்கவும் விடேல்லை. எனக்கு உள்ளுக்குள்ள எப்பிடி இருந்தது எண்டு உங்களுக்குத் தெரியாது. இப்பதான் எழும்பிப் போக ஒரு இடம் கிடைச்சிருக்கு. என்ர பேரைச் சொல்லிக் கூப்பிடுற ஆக்கள் இருக்கினம். அதை விட்டிட்டு இன்னொருக்காப் போய் எழுதிக் கேட்டுக்கொண்டு நிக்க எனக்கு ஏலாது. படிக்க ஆசையா இருந்தது அப்ப. இப்ப இல்லை."

"யோசிச்சுப் பார் மகன்."

"அப்பா, உங்களிட்ட நான் ஒண்டும் கேட்டதில்லை. இது ஒண்டைத்தான் கேக்கிறன். இனி உந்தக் கதையை எடுக்காதேங்கோ."

எடுக்கவில்லை. தாள்கள் இன்னும் என் கட்டிலுக்குக் கீழே இருக்கின்றன. அவற்றைக் கிழிக்க மனம் வரவில்லை. ஆனால் அவற்றை வைத்து உன்னைக் கரைச்சல்படுத்தவும் மாட்டேன். கதவு பூட்டியிருந்தபோது என்னால் திறக்க முடியவில்லை. திறந்தபோது உன்னை உள்ளே அனுப்பவும் முடியவில்லை. இரண்டு முறையும் நான் செய்தது ஒன்றுதான், பக்கத்தில் நின்று பார்த்தேன்.

கல்யாணத்துக்குப் போகிற பிள்ளைக்குத் தகப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பெரிய முடிவு எடுக்கும்போது டிலானியிடம் கேள். முடிவெடுத்துவிட்டுச் சொல்லாதே, எடுக்குமுன் கேள். அவள் சாப்பிடாமல் இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அதைப் பிடிவாதம் என்று நினைக்காதே. பிள்ளை பிறந்தால் அதன் பதிவு, பாஸ்போர்ட் எல்லாவற்றையும் முதல் மாதத்திலேயே செய்துவிடு, நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதே. பெரியவர்களின் வேலைக்குப் பிள்ளையின் வாயைப் பாவிக்காதே. அது எந்தப் பாஷையில் எண்ணிக்கொண்டு படியிறங்கினாலும் இறங்க விடு. பிள்ளைக்காக எதையாவது செய்கிறேன் என்று உனக்குள் ஒரு வேகம் வரும்போது, ஒரு நாள் பொறுத்து, அது பிள்ளைக்காகவா உனக்காகவா என்று யோசி. நான் யோசிக்கவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. போன வியாழக்கிழமை பாதரிடம் கல்யாணப் படிவம் நிரப்பப் போனோமே, அதைப் பற்றித்தான். நீ வேறு யாரையும் கட்டியதில்லை என்று சாட்சி சொல்ல நான் வந்தேன். பாதர் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். பெயர், பிறந்த இடம், ஞானஸ்நானம் எடுத்த கோயில். "ஆக்குபேஷன்?" என்று கேட்டார். அந்தச் சொல் எனக்கு விளங்கும். நீ வாய் திறக்குமுன் நான் கதைத்துவிட்டேன். "மை சன், யூனிவர்சிட்டி, இன்ஜினியர் பிளேஸ், த்ரீ ஏ" என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. பாதர் பேனையை நிறுத்திக்கொண்டு என்னையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தார். டிலானி நிலத்தைப் பார்த்தாள். நீ கோபப்படவில்லை. என் முழங்காலில் கையை வைத்தாய். "ரெயில்வே வேர்க்கர், பாதர்" என்றாய். அவர் எழுதினார். அடுத்த கேள்விக்குப் போனார்.

திரும்பி வரும்போது டிலானி தன் வீட்டுக்குப் போய்விட்டாள். நாங்கள் இரண்டு பேரும் ட்ராமுக்கு நின்றோம். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். வியாழக்கிழமை சொன்னதற்கு மட்டுமில்லை, பாரிஸிலிருந்து தொடங்கி எல்லாவற்றுக்கும். எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது ட்ராம் ஒன்று வந்து போனது, நாங்கள் ஏறவில்லை. "பசிக்குது அப்பா" என்று சொல்லிவிட்டு நீ எதிர்க் கடைக்குப் போய் ஒரு பொட்டலம் சிப்ஸ் வாங்கி வந்தாய். தரிப்பிடத்து வாங்கிலில் எனக்குப் பக்கத்தில் இருந்து, பொட்டலத்தை நடுவில் விரித்து வைத்தாய். நான் ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். கண் நிறைந்து வழிந்தது. "சுடுகுது" என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். எல்லாம் தெரிந்த பார்வை அது. பிறகு ட்ராம் வரும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஊதிச் சாப்பிடுங்கோ" என்றாய்.

அப்பா